பச்சோந்திக்குப் பூப் போடுகிறவர்

துறைமுகத்தில் அவர்கள் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் கிடையாது. அவள் மைக்கம்மா, அவர் ஸ்டியரிங். உல்லாசக் கப்பல் வந்து நிற்கிற நாட்களில், இறங்கி வருகிற பயணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற தாவரத் தோட்டத்துக்கும் அதை ஒட்டிய காட்டுக்கும் கூட்டிப் போவார்கள். பயணிகள் செடி கொடிகளையும் பூச்சி பிராணிகளையும் ஆசை தீரப் படமெடுத்துக்கொள்வார்கள். கப்பல் சங்கு ஊதுவதற்குள் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். அவர் ஓட்டுவார், அவள் பேசுவாள். புருஷன் பெண்டாட்டி. வீட்டிலும் ஸ்டியரிங் அவர் கையில், மைக் அவள் கையில்தான் என்று துறைமுகத்தில் கேலி உண்டு.

அந்தக் கேலியில் பாதிதான் உண்மை. வீட்டுக்கு வந்துவிட்டால் மைக்கம்மா வாயைத் திறப்பதில்லை. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறுவாள். சுற்றுலாக் கம்பெனி கொடுத்த பச்சைத் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தால் குக்கர் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாள். அவரோடு பேச்சு என்றால் சாப்பாடு ஆச்சா, லைட்டை அணைங்க, கதவைச் சாத்துங்க. அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அவள் அந்தத் தோட்டத்தின் வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பிள்ளைகளைத் தோட்டம் பார்க்க உள்ளே அனுப்பிவிட்டு, கவுண்டருக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணாடி அந்த வருஷம் பளபளத்ததுபோல அப்புறம் எப்போதும் பளபளக்கவில்லை என்று அவள் சொல்லுவாள். கல்யாணம் ஆயிற்று, சொந்த வேன் வந்தது, ஒரே மகள் பிறந்து வளர்ந்து வேறு ஊரில் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவில் வேலைக்கும் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “அம்மா, போதும்மா, விட்டுடும்மா” என்பாள். “இந்த சீசனோட விட்டுடறேன்” என்று மைக்கம்மாவும் ஒவ்வொரு சீசனிலும் சொல்லுவாள். இந்த வருஷம் அதை மகளிடம் மட்டும் சொல்லாமல் அவரிடமும் சொல்லிவிட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவளைக் களைப்படைய வைத்தது நடையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆச்சரியப்படுவதுதான் அவளுடைய வேலை. அதுதான் அவளைத் தின்றது. கப்பல்காரர்களுக்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அவளுக்கு அது நேற்றும் பார்த்த பூ, முந்தாநாளும் பார்த்த பல்லி. இருந்தாலும் கண் விரிய வேண்டும், குரல் தழைய வேண்டும், மார்பில் கை போக வேண்டும். சோர்ந்துபோன ஒரு மனுஷி நாள்தோறும் ஆச்சரியப்படுவதைவிட மூட்டை தூக்குவது சுலபம். மூட்டையை இறக்கியாவது வைக்கலாம்.

இதிலே உச்சம் பச்சோந்தி. தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டுப் பாதையில் பச்சோந்திகள் உண்டு. இருக்கிற இடம் தெரிந்தால் கையெட்டும் தூரம். தெரியாவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. கப்பலில் ஒட்டியிருக்கிற விளம்பரப் படத்தில் இருப்பதே பச்சோந்திதான். அதைப் பார்க்காமல் திரும்பினால் பயணிகள் தங்களை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அவள் பயணிகளை முன்வாசல் வழியாகக் கண்ணாடிக் கொட்டகைக்குக் கூட்டிப் போய் ஆர்க்கிட், பெரணி, தட்டு அகலத்துக்கு மிதக்கிற அல்லி இலை என்று படம் எடுக்க வைத்து மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு வருவாள். அதற்குள் அவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாகக் காட்டுப் பாதைக்குப் போய்ப் பச்சோந்தியைத் தேடுவார். கண்டால் தொடமாட்டார். தொட்டால் தோட்டத்துக்காரர்கள் அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது ஒன்று. தொடாமல் காட்டுவதுதான் ஒழுங்கு என்று அவருக்கே ஒரு கௌரவம் இருந்தது என்பது இன்னொன்று. அது இருக்கிற கிளைக்கு நேர் கீழே, பாதை ஓரத்தில், ஒரு மஞ்சள் பூவைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். அந்தப் பாதையில் மஞ்சளாய்ப் பூக்கிற மரம் எதுவும் கிடையாது. அவளுக்கு அது போதும். பூவைப் பார்த்ததும் நிற்பாள், மூச்சை உள்ளே இழுப்பாள், விரலை உயர்த்துவாள். யாரும் அசையாதீங்க, அதோ! இதற்குத் தங்களுக்குள் பூப் போடுவது என்று பெயர். எத்தனையோ வருஷமாக அவர் போட்ட பூ பொய்த்தது கிடையாது.

அன்று காலையில் வேனின் இடது பக்கக் கண்ணாடி மறுபடியும் உடைந்து டேப் சுற்றியிருந்தது. “லாரிக்காரன் உரசிட்டான்” என்றார். போன மாதமும் ஒரு லாரிக்காரன்தான். டீ டம்ளரை மேஜை விளிம்பில் வைக்கிறேன் என்று காற்றில் வைத்ததையும் அவள் பார்த்தாள்; வயசானால் கை தடுமாறாதா என்று தரையைத் துடைத்துவிட்டுப் போனாள். மாலைச் சவாரிகளை அவர் கொஞ்ச காலமாக ஒத்துக்கொள்வதில்லை. அசதி என்றார். அசதி என்ற வார்த்தைக்கு அந்த வீட்டில் விளக்கம் யாரும் கேட்பதில்லை.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் அவர் திடீரென்று கேட்டார்:

“ஏன், இப்பல்லாம் இறங்கி வர்றப்போ தூங்குமூஞ்சி மரத்தைப் பத்தி சொல்றதே இல்லை? தொண்டை வலியா?”

அவளுக்குச் சுருக்கென்றது. மலைப்பாதையின் கடைசி வளைவில் குடை விரித்து நின்ற அந்தப் பெரிய மரம் அவளுக்கு உறவு மாதிரி. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று மழைக்கு முன்னால் அதை வெட்டிவிட்டார்கள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அது தெரிந்துகொண்டு குத்துகிறார் என்று நினைத்தாள்.

“போதும் உங்க நக்கல்” என்றாள்.

அவர் கியரை மாற்றினார்.

கப்பலிலிருந்து வந்தவர்கள் எப்போதும்போலத்தான் இருந்தார்கள். பயணிகள் எந்த மொழியில் பேசினாலும் மைக்கம்மா காதில் அது நம் பேச்சாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர்களில் ஒருவர், கைக்குழந்தை அளவுக்கு லென்ஸ் வைத்திருந்தார். அவருக்கு மனதுக்குள் பீரங்கி என்று பெயர் வைத்தாள். இன்னொருத்தி தனியாக வந்த வயதான அம்மா. பழைய சின்ன கேமரா ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டியிருந்தாள். எதையும் ஒரே ஒரு படம்தான் எடுத்தாள். எடுத்துவிட்டுக் கேமராவை மூடி வைத்துவிட்டு அந்தப் பூவைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கொட்டகையில் பீரங்கி ஒவ்வொரு ஆர்க்கிட் பூவையும் குற்றவாளியைப் போல முன்னாலும் பக்கவாட்டிலும் எடுத்தார். வாழையிலைமேல் மரத்தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு ஆச்சரியம் செலவாயிற்று. இலைக்குச்சி மாதிரி ஒரு பூச்சிக்கு அரை ஆச்சரியம். பெரிய ஆச்சரியத்தைக் காட்டுப் பாதைக்கென்று மிச்சம் வைத்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்தபடி அவர்களைப் பின்பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.

பாதை திரும்புகிற இடத்தில் மஞ்சள் பூ கிடந்தது.

அவள் நின்றாள். மூச்சை உள்ளே இழுத்தாள். கை மார்புக்குப் போயிற்று. “யாரும் அசையாதீங்க” என்று கிசுகிசுத்து விரலை உயர்த்தினாள். இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் கிளையை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அதுதான் வரிசை. பூவைப் பார்ப்பாள், வியப்பாள், பிறகுதான் பச்சோந்தியைப் பார்ப்பாள்.

கிளையில் ஒரு காய்ந்த இலை சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வேறெதுவும் இல்லை.

அதற்குள் கேமராக்கள் எல்லாம் உயர்ந்துவிட்டன. “எங்கே எங்கே?” என்று ஒரு குரல். “அதோ, விரலுக்கு நேரா பாருங்க” என்று இன்னொரு குரல். “ஆமா ஆமா, தெரியுது! என்னமா மறைஞ்சிருக்கு!” பீரங்கி மண்ணில் மண்டியிட்டு, பிறகு குப்புறவே படுத்து, கடகடவென்று சுட்டுத் தள்ளினார். மனுஷனுக்கு இருக்கிற பயத்திலெல்லாம் பெரிய பயம், எல்லோருக்கும் தெரிகிறது தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதோ என்பதுதான். அந்தப் பாதையில் அன்று எல்லோருக்கும் பச்சோந்தி தெரிந்தது.

சின்ன கேமரா அம்மாவைத் தவிர.

“எனக்கு ஒரு காஞ்ச இலைதான் தெரியுது” என்றாள் சத்தமாக.

மற்றவர்கள் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். “கொஞ்சம் பொறுமையா பாருங்கம்மா, பழகினாத்தான் தெரியும்” என்று பீரங்கி தரையிலிருந்தபடியே ஆறுதல் சொன்னார்.

“ஆமாம்மா, அதுக்கு அதானே வேலை, இலை மாதிரியே இருக்கும்” என்றாள் மைக்கம்மா. சொன்ன கையோடு காது மடல் சூடாயிற்று. பச்சோந்தி நிறம் மாறுகிறதோ இல்லையோ, அவள் முகம் மாறியதை அந்த அம்மா பார்த்துவிட்டாள். கேமராவைத் திறக்காமலே நகர்ந்தாள்.

பட்டாம்பூச்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை உண்டு. எல்லோரையும் அங்கே உட்கார வைத்துவிட்டு, கோபம் கோபமாக வண்டி நிற்கிற இடத்துக்குப் போனாள். அவர் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“என்னங்க விளையாட்டு இது? பச்சோந்தி இருந்த இடத்துலதான் பூப் போட்டீங்களா, இல்ல நடக்கச் சோம்பிப் போட்டீங்களா?”

“இருந்துச்சே. பாத்துட்டுத்தானே போட்டேன்.”

“காஞ்ச இலையைக் காட்டி எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டீங்க.”

“நீ சரியா பாக்கல. வா, காட்டறேன்.”

வீம்பாகப் பின்வாசல் வழியாக முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள். பல வருஷமாக அவரை அவள் பின்னாலிருந்து பார்த்தது கிடையாது. வேனில் பக்கத்தில்தான் உட்காருவாள். இப்போதுதான் பார்த்தாள். அவர் காலைத் தூக்கி வைத்து நடக்கவில்லை. தரையோடு தேய்த்து, தடவித் தடவி நடந்தார். பாதையில் குறுக்கே கிடந்த வேரில் கால் இடித்தது. சமாளித்துக்கொண்டு, “இந்த வேர் புதுசு” என்றார். அந்த வேர் அவர்களுடைய கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே இருக்கிறது.

பூ கிடந்த இடத்துக்கு வந்ததும் அவர் நிமிர்ந்து கையை நீட்டினார்.

“இதோ! வாலைச் சுருட்டிட்டுப் படுத்திருக்கு பாரு. கண்ணை வேற உருட்டுது.”

அவருடைய விரல் காய்ந்த இலைக்கு நேராக இருந்தது.

மைக்கம்மாவுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிளையை எட்டி வளைத்து அந்த இலையைக் கிள்ளினாள். அவர் நீட்டிய கையைப் பிடித்து உள்ளங்கையில் அதை வைத்தாள். அவர் விரல்களை மூடினார். இலை நொறுங்குகிற சத்தம் இருவருக்கும் கேட்டது.

கொஞ்ச நேரம் அவர் கையைத் திறக்கவே இல்லை.

“உங்க அண்ணனுக்கு வந்ததா?” என்று கேட்டாள்.

“ம்.”

அவருடைய அண்ணன் அச்சகத்தில் வேலை பார்த்தவர். கண்ணில் பிரஷர் என்றார்கள். ஓரத்தில் தொடங்கி, வட்டம் சுருங்கிச் சுருங்கி, இப்போது ஜன்னல் ஓர நாற்காலியில் ரேடியோவோடு உட்கார்ந்திருக்கிறார். “போனது போனதுதான், முன்னாடியே வந்திருந்தா மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கலாம்” என்று டாக்டர் சொன்னபோது இவர்கள் இருவரும்தான் கூட இருந்தார்கள். அதைக் கேட்ட மனுஷன்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறார். அதே வீட்டில் இருந்துகொண்டு, உடைந்த கண்ணாடியையும் கொட்டிய டீயையும் பார்த்துக்கொண்டு, அவளும் அந்தச் சோற்றைத் தின்றிருக்கிறாள்.

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போகணும்.”

“எப்ப? கண்ணு கெட்ட பிறகா?”

“அவ்வளவு மோசம் இல்ல. ஓரத்துலதான் கொஞ்சம் மறைக்குது. நடுவுல நல்லாத் தெரியுது. ரோடு நடுவுலதானே இருக்கு?”

“நடுவுல இருந்த இலையைத்தான் பச்சோந்தின்னீங்க.”

 அவளுக்கு அதற்குமேல் அங்கே நிற்க நேரம் இல்லை. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. மலையிலிருந்து இறங்குகிற பாதை முழுக்க வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் அதுதான். வேன் நிறைய ஆட்கள். காலையில் இதே மனுஷன் ஓட்ட, இதே ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வந்திருக்கிறாள்; பக்கத்தில் உட்கார்ந்து, இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு. அவருக்கு இரண்டு பக்கமும் இல்லை. 

கம்பெனிக்குப் போன் செய்து வேறு டிரைவர் கேட்கலாம். ஏன் என்று கேட்பார்கள். சாயந்திரத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆள் வந்து சேர்வதற்குள் கப்பலும் போய்விடும்.

அவர் அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சாவியைக் குடுங்க.”

“எதுக்கு?”

“நான் ஓட்டறேன்.”

அவர் சிரித்தார். அவளுக்கு லைசென்ஸ் உண்டு, அவரே சொல்லிக்கொடுத்து வாங்கியது. பெட்ரோல் போடவும் வண்டி கழுவவும் ஓட்டியிருக்கிறாள். மலையில் ஓட்டியதில்லை.

“உனக்கு முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க மாட்டே. எனக்கு எல்லா வளைவும் கையிலயே இருக்கு, கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்.”

“அதைத்தான் வேண்டாங்கறேன்.”

“நாள் முழுக்க நின்ன ஆளு...”

“வளைவு உங்க கையில இருக்கு, சரி. சைக்கிள்ல வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்க உங்க கையில இல்லையே. அதுங்க ஓரத்துலதாங்க வரும்.”

அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பயணிகள் டீ குடித்துவிட்டுப் பேச்சும் சிரிப்புமாக வந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டிய மனுஷன். அந்த ஒரு வார்த்தைதான் அவரை இறக்கியது.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும்” என்று சாவியை அவள் கையில் வைத்தார். “கீழ இறங்கினதும் திருப்பிக் குடுத்துடணும்.”

அவள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பச்சைத் தொப்பி கண்ணை மறைத்ததால் கழற்றி டாஷ்போர்டின்மேல் வைத்தாள். அவர் அவளுடைய இடத்தில், மைக் தொங்குகிற கம்பிக்குப் பக்கத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

முதல் வளைவில் கியர் மாற்றும்போது வண்டி ஒரு குதி குதித்தது. பின்னாலிருந்து ஒரு “ஐயோ”. இரண்டாவது வளைவில் சத்தமே இல்லை. அது இன்னும் மோசம். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முழங்காலில் ஊசி ஏறியது.  ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசுவது அவளால் ஆகாத காரியம். கண்ணாடியில் பார்த்தாள். எல்லோரும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவர் மைக்கை எடுத்தார். ஒரு தட்டுத் தட்டினார், அவள் தட்டுகிற மாதிரியே.

“எல்லாரும் இடது பக்கம் கொஞ்சம் பாருங்க. மூங்கில் புதர். மூங்கில் மரம் இல்லை, புல்லு. இதை என் மாமியார்கிட்ட சொன்னப்போ அவங்க நம்பலை.”

அது அவளுடைய நகைச்சுவை. அவளுடைய மாமியார், அதாவது அவரைப் பெற்ற அம்மா. பயணிகள் சிரித்தார்கள். அவளுக்கு ஸ்டியரிங்கில் கை நழுவப் பார்த்தது. அவர் பேசிக்கொண்டே போனார். அவளுடைய அரைகுறை மொழியில், அவள் செய்கிற அதே தப்புகளோடு, அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி, ஒவ்வொரு வளைவிலும் அந்தந்த வளைவுக்குரியதைச் சொன்னார். பாறையில் ஒட்டியிருக்கிற பாசி. பலா மாதிரி அடிமரத்தில் காய்க்கிற காட்டுப் பழம். குரங்குகள் உட்காருகிற தடுப்புச் சுவர், “சாப்பாட்டுப் பையை மூடி வச்சுக்குங்க, அதுங்களுக்கு டிக்கெட் கிடையாது.” எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு உடம்பிலேயே தெரிந்தது. வண்டி சாய்கிற சாய்வில் தெரிந்தது.

இத்தனை வருஷமும் இந்த மனுஷன் காதில் எதுவும் ஏறுவதில்லை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். வீட்டில் உப்புப் போதுமா என்று கேட்டால்கூட இரண்டாம் தடவை கேட்க வேண்டும். அவளே சலித்துச் சலித்துப் பேசிய பேச்சு ஒன்றுவிடாமல் அவருக்குள் போய் இருந்திருக்கிறது. அவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. அந்த ஆசையோடே, இப்படி ஏமாற்றினாரே என்று ஆத்திரமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ளக் கையில் இடம் இல்லை. வளைவு வந்துகொண்டே இருந்தது.

கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு சைக்கிள். சீருடை போட்ட பெண்பிள்ளை ஒருத்தி, ஓரத்தில், இடது பக்கத்தில். மைக்கம்மா வேகத்தைக் குறைத்து விலகிப் போனாள். அவர் திரும்பவே இல்லை. மைக்கில் தூரத்துக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளைவு வந்தது. அவருடைய குரல் ஏறியது.

“இப்ப எல்லாரும் கேமராவை ரெடியா வச்சுக்குங்க. வலது பக்கம் பாருங்க, நம்ம தூங்குமூஞ்சி மரம்! சாயந்திரமானா இலையை மூடிக்கிட்டுத் தூங்கிடும், அதான் அந்தப் பேரு. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இதுவும் ஒல்லி, நானும் ஒல்லி. இப்ப ரெண்டு பேரையும் பாருங்க!”

வலது பக்கத்தில் வெட்டவெளி. சிவப்பு மண், கொட்டிக் கிடந்த ஜல்லி, நடுவில் மேஜை அகலத்துக்கு ஒரு அடிமரத் துண்டு. கேமராவைத் தூக்கிய பயணிகள் தூக்கியபடியே இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பீரங்கி தன் லென்ஸை மெல்ல மடியில் இறக்கினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தார். அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும். மைக்கைப் பிடித்தபடி, முகத்தைச் சிரிப்புக்கு ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ரொம்பப் பெரிய மரம்” என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். சின்ன கேமரா அம்மா. “அழகா இருக்கு.”

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டி மைக்கை மாட்டினார். மைக்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. இன்றைக்குக் கண் தெரிய வேண்டியது தனக்குத்தான் என்று இமையை அடித்து அடித்து ஓட்டினாள்.

துறைமுகத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நேரத்தோடு வந்துவிட்டதால் நல்ல மாதிரியாகவே விடைபெற்றுக்கொண்டார்கள். பீரங்கி, பச்சோந்திப் படத்தைக் கப்பலுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்க்கப்போவதாகச் சொன்னார். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள் என்றாள். சின்ன கேமரா அம்மா கடைசியாக இறங்கி, மைக்கம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கப்பலைப் பார்த்து நடந்தாள்.

வேன் காலியாயிற்று. அவர் சுற்றிக்கொண்டு, வண்டியின் தகரத்தைக் கையால் தடவியபடி டிரைவர் கதவுக்கு வந்தார். உள்ளங்கையை நீட்டினார். நொறுங்கிய இலையின் தூள் இன்னும் ரேகையில் ஒட்டியிருந்தது.

“சாவி” என்றார். “பரவாயில்ல, நல்லாத்தான் ஓட்டினே. ரெண்டாவது கியர்ல கொஞ்சம் திணறிட்டே. இங்கேருந்து வீட்டுக்கு நேர் ரோடுதானே, நான் பாத்துக்கறேன்.”

அவள் சாவியை விடவில்லை.

“அந்த மரத்தைப் பத்தி ஏன் சொல்றதில்லைன்னு காலையில கேட்டீங்களே?”

“ஆமா. நல்லாத்தானே இருந்துச்சு? எல்லாருக்கும் பிடிச்சுதே. ஏன் விட்டே?”

“மரம் இல்லங்க.”

“என்ன இல்ல?”

“வெட்டிட்டாங்க. அங்க வெறும் மண்ணுதான் இருக்கு. மழைக்கு முன்னாடியே வெட்டிட்டாங்க.”

நீட்டிய கை அப்படியே இருந்தது. மழைக்கு முன்னாடி. மழை வந்து, போய், இந்த சீசனும் தொடங்கிப் பாதி முடிந்துவிட்டது. அந்த வளைவை எத்தனை தடவை கடந்திருப்போம் என்று அவர் நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. எத்தனை தடவை, எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு.

“அந்த அம்மா பெரிய மரம்னு சொன்னாங்களே” என்றார்.

“சொன்னாங்க.”

அவர் கையை மெல்ல மூடினார். மூடிய கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு வண்டியைத் தடவிக்கொண்டே மறுபக்கம் போய், கதவைத் தேடித் திறந்து, அவளுடைய சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டின் கொக்கியை மாட்ட இரண்டு தடவை முயன்றார். அவள் குனிந்து மாட்டிவிட்டாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் அசந்து போயிருந்தது. இந்த சீசனோடு விட்டுவிடலாம் என்றிருந்தாள். இனி எங்கே விடுவது? நாளைக் காலையில் கண் ஆஸ்பத்திரி. நாளை மறுநாள் மறுபடியும் கப்பல். ஸ்டியரிங்கில் நெற்றியை ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டாள். பிறகு சாவியைத் திருப்பினாள்.

துறைமுக வாசலைத் தாண்டியதும், முன்னாலேயே பார்த்துக்கொண்டு கேட்டார்:

“வேற என்னென்ன இல்லாமப் போச்சு?”

 வீட்டுக்குப் போகிற வழியில் அவள் ஒரு நாளும் பேசியது கிடையாது.

“இடது பக்கம் ரொட்டிக்கடை” என்று ஆரம்பித்தாள். “பெயின்ட் மாத்திட்டாங்க, இப்ப நீலம். அதுக்கடுத்து தையல்கடை இருந்துச்சில்ல, அதை மூடிட்டாங்க. பூட்டு போட்டிருக்கு.”

“ம்” என்றார். “மெதுவாப் போ. சொல்லிக்கிட்டே வா.”